அழைப்புக்கு முன்

சுற்றறிக்கை மூன்று பக்கம்.
சாரம் ஒன்றே:
வெயில் நாற்பதைத் தாண்டி மேல்காற்றும் எழுந்தால்
போன் மணிக்குக் காத்திராமல்
வண்டி காட்டோரம் போய் நிற்க வேண்டும்.

போய் நின்றோம்.
செட்டிநாட்டுப் பழைய ஓடுபாதையில்
விமானங்கள் மறந்துபோன சிமெண்டின் மேல்
நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணீரும்
நாங்கள் ஐந்து பேரும்.

முதல் நாள் மயில்கள் வந்து பார்த்தன.
மறுநாள் ஆடு ஓட்டிவந்த பொன்னழகு கேட்டாள்:
"எங்கண்ணே எரியுது?"
"எங்கயும் இல்ல."
"அப்ப எதுக்கு நிக்கிறீக?"
ஸ்டியரிங்கில் கவிழ்ந்திருந்த சேவுகன்
தலை தூக்காமல் சொன்னான்:
"அதுக்குத்தான்."

மூன்றாம் நாள்
டீசல் கணக்குக் கேட்டுப் போன் வந்தது.
நான்காம் நாள்
பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வைக்கோல்போர் எரிந்தது.
தேவகோட்டை வண்டி போய்ச் சேர்வதற்குள்
மாட்டுக்கொட்டகையும் போயிற்று.
சும்மா நிற்கிறவர்களை ஏன் அனுப்பவில்லை என்று
அந்த வீட்டுக்காரர் கேட்டாராம்.
என்னிடம் பதில் இல்லை.
இன்றும் இல்லை.

ஐந்தாம் நாள், இரண்டே முக்கால்.
தைலமரக் காட்டின் கீழ்மூலையில்
நூல்போல ஒரு புகை.
தைலமரச் சருகில் எண்ணெய் உண்டு,
அதில் நெருப்பு நடக்காது, தாவும்.
போன சித்திரையில்
ரயில்வே கேட் திறக்கும்வரை நின்று
காரைக்குடியிலிருந்து நாங்கள் வந்து சேர்ந்தபோது
அறுபது ஏக்கர் கரி.
ஓரத்தில் ஓர் ஆட்டுக் கிடை.
பொன்னழகின் கிடை.

இந்த முறை அவள்தான் போன் போட்டாள்,
போட்டுக்கொண்டே எங்களை நோக்கி ஓடிவந்தாள்.
எங்கள் குழாய் ஏற்கெனவே விரிந்திருந்தது.

கால் ஏக்கர் கறுத்தது.
அவ்வளவுதான்.
சாயங்காலம் அந்தக் கரியை மிதித்தபடி
ஆடுகள் போயின, குளம்பெல்லாம் மை.

இரவு, நிலையத்தில்,
மெய்யம்மை கணினியில் படிவம் நிரப்பினாள்.
அழைப்பு வந்த நேரம்: 2.47.
வண்டி இடம் சேர்ந்த நேரம்:
திங்கட்கிழமை காலை பத்து.
திரை சிவந்தது:
'அழைப்புக்கு முன் சேர இயலாது. திருத்தவும்.'
மூன்று தடவை போட்டுப் பார்த்தாள்.
பிறகு பெருமூச்சோடு
2.48 என்று அடித்தாள்.
ஏற்றுக்கொண்டது.

அடுத்த வாரம் மாவட்டத்திலிருந்து பாராட்டுக் கடிதம்:
'ஒரே நிமிடத்தில் விரைந்து சென்ற ஓட்டுநர் சேவுகனுக்கு.'
அவன் அதை இரண்டு முறை படித்தான்.
"ஐந்து நாளா
கியரையே தொடலியே சார்" என்றான்.