பழுது இல்லை

வகுப்பு வாட்சாப்பில் வந்தது கட்டுரைத் தலைப்பு:
அன்றாட வாழ்வில் கைப்பேசி தேவையா?
நன்மை மூன்று, தீமை மூன்று, முடிவு ஒன்று.
எழுதிப் படம் பிடித்து
அதே வாட்சாப்பில் அனுப்ப வேண்டுமாம்.
மகன் என் கடை முக்காலியில் உட்கார்ந்து
பென்சில் முனையைக் கடிக்கிறான்.
"சொல்லும்மா, உனக்குத்தானே தெரியும்."

எனக்குத் தெரிந்தது இந்த மேசை டிராயர்.
ஏழாங்கட்டை பஸ் நிறுத்தம்,
ஆ மெங் மளிகைக்கும் நாலு நம்பர் கடைக்கும் நடுவே
ஓர் ஆள் அகலத்தில் என் கடை.
கால்வாயில் விழுந்தது, லாரி ஏறியது,
கோபத்தில் சுவரில் அடித்துவிட்டுத்
தானாக விழுந்தது என்று சொல்லப்பட்டது,
எல்லாம் இதற்குள்தான் படுத்திருக்கும்.
மூடியைக் கழற்றினால்
செம்பனை எண்ணெய், உரத்தூள், சில சமயம் ஓர் எறும்பு.

போன வாரம் சன்னாசி வந்தார்.
உதவித்தொகை இனிமேல் போனில்தான் என்றார்களாம்.
புதுசு வாங்கி அட்டையோடு நீட்டினார்.
கட்டைவிரலை வைக்கச் சொன்னேன்.
வைத்தார். சட்டையில் துடைத்து வைத்தார்.
எச்சில் தொட்டு வைத்தார்.
நீ யாரென்று தெரியவில்லை என்றது போன்.
முப்பத்தொரு வருஷம் குலை வெட்டிய விரலில்
ரேகை எங்கே மிச்சம் இருக்கும்?
"மறக்காத எண்ணாக நாலு சொல்லுங்க."
பெரட்டு நம்பரைச் சொன்னார்.
அதற்குத் திறந்தது.

இதை எந்தப் பக்கம் எழுதுவாய், மகனே?

செவ்வாய்க்கிழமை லோகாம்பிகை வந்தாள்.
நாற்றுப்பண்ணை வேலை, நகக்கண்ணில் கறுப்பு மண்.
போனைத் திருப்பிப் பார்த்தேன்:
கண்ணாடி முழுசு, சார்ஜ் எண்பது.
"என்ன பழுது?"
"ஒண்ணுமில்ல. எல்லார்கிட்டயும் மூணு நாள் ஆகும்னு சொல்வீங்களே,
அந்த மூணு நாள் இங்கயே இருக்கட்டும்.
அணைக்காதீங்க. அணைச்சா வீட்டுக்கே வந்துருவானுங்க."
பத்து வெள்ளியை மடித்து வைத்தாள்.
ரசீதில் 'பழுது' என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டேன்.

முதல் நாள் நாற்பத்தொரு தடவை அடித்தது.
பெயரில்லாத ஒரே எண்.
டிராயருக்குள் திருகாணிகள் குதித்தன.
நான் வேறொரு போனுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன்.
அவள் வாங்கிய அமைதியின் சத்தம் முழுக்க
என் காதில் விழுந்தது.

இரண்டாம் நாள் பகல் ஒன்று பத்து.
வேறு பெயர் மின்னியது: பள்ளிக்கூடம்.
ஊரார் போனை எடுப்பதில்லை,
இந்தத் தொழிலில் என் ஒரே விரதம் அது.
எடுத்தேன்.
பிள்ளைக்குக் காய்ச்சல், யாராவது வந்து கூட்டிப் போங்கள்.

கடையைப் பாதி இழுத்து மூடி
நாலு நம்பர் கடைக்காரியிடம் சாவியை எறிந்துவிட்டு
மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.
செம்மண் சாலை. முன்னால் பழ லாரி. முந்த இடமில்லை.
கடைசிக் குலை ஒன்று
விழவா வேண்டாமா என்று ஆடிக்கொண்டே போனது
மூன்று கட்டை தூரம்.

சேதி சொன்னதும்
நாற்றுப் பையைப் போட்டுவிட்டு ஏறிக்கொண்டாள்.
வழியெல்லாம் என் தோளில் அவள் கை, மண்ணோடு.
பள்ளிக்கூட வாசலில் போனை நீட்டினேன்.
அந்த நேரம் பார்த்து மறுபடி அடித்தது,
அந்த எண்.
பார்த்தாள்.
"இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்குல்ல?"
உள்ளே போய்விட்டாள்.

மகன் மூன்றாவது தீமையில் நிற்கிறான்.
"முடிவு என்னம்மா? தேவையா, தேவையில்லையா?"
நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவள் வருவாள்.
இதைக் கையில் கொடுப்பதா,
சாமான் இன்னும் வரவில்லை, திங்கட்கிழமை வா என்பதா?
அதற்குப் பணம் வாங்குவதா?

"சரி, நானே எழுதிட்டேன். படம் பிடிக்கணும், உன் போன் எங்க?"
தேடுகிறோம்.
முக்காலிக்கு அடியில், ரசீதுப் புத்தகத்துக்குக் கீழே,
வண்டிக் கூடையில்.
"அடிச்சுப் பாரும்மா, சத்தம் வரும்."
டிராயரைத் திறக்கிறேன்.
உயிரோடு இருப்பது ஒன்றே ஒன்று.
அதைத் தொடாமல் மூடுகிறேன்.