ஜூலை: அளக்கவில்லை

ஜூன் முதல் வாரம்.
ஆம்பல் இலை இன்னும் சிவந்து சுருண்டு
நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது.
துடுப்புப் போடுகிறான் தைஸ்தோ.
படகு அவனுடையது.
கரைவரை சரிந்து வரும் ஓட்ஸ் வயலும்
அவனுடையதே.

அறுபது டிகிரியில் இரண்டு நாள் உலர்த்தி
காபி அரைக்கும் மிஷினில் பொடித்து
எடை போட்டேன்.
இளம் இலையில் தழைச்சத்து ததும்புகிறது.
மணிச்சத்து எண்ணைத்தான்
இரண்டு தரம் சரிபார்த்தேன்.
இந்த ஏரிக்குத் தன்னால் இவ்வளவு வராது.
யாரோ தந்திருக்க வேண்டும்.

"எப்படி இருக்கிறது?" என்றான் மறுவாரம்.
"ஒரு மாதத்தை வைத்துச் சொல்ல முடியாது."
அது பொய்யில்லை.
மிச்சம், அவன் தந்த புகையிட்ட மீனோடு
தொண்டையில் நின்றது.

ஜூலையில்
நான் கயிறு கட்டிக் குறித்த நான்கு சதுரங்களிலும்
வெறும் தண்ணீர்.
நடுவே, கழுத்தளவு நீரில் ஒரு மூஸ் மான்
தாடி சொட்டச் சொட்ட
கடைசித் தண்டை மென்றுகொண்டு
எங்களைப் பார்த்தது,
வாடகை கேட்டு வந்தவர்களைப் பார்ப்பதுபோல.
பனிக்காலம் முழுக்க மரக்குச்சி தின்ற வாய்,
உப்புக்கு அலைந்திருக்கிறது.
தைஸ்தோ சிரித்த சிரிப்பில் படகு ஆடிற்று.
நான் படிவத்தில் எழுதினேன்:
ஜூலை: அளக்கவில்லை. தின்னப்பட்டது.

செப்டம்பர் இலையில் மஞ்சளும் ஓட்டையும்.
எண்கள் ஜூனில் பாதிகூட இல்லை.
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து
"ஏரி சுத்தம், பார்" என்றான்.
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை,
வயலைப் பார்த்தான்.

கொக்கியை இறக்கினேன்.
விரல் மரத்துப்போகும் குளிர். சேறு விடவில்லை.
அவனே துடுப்பை வைத்துவிட்டு
என்னோடு சேர்ந்து இழுத்தான்.

முழங்கைப் பருமனில் ஒரு கிழங்கு,
உதிர்ந்த இலைகளின் தழும்பு உடம்பெல்லாம்.
கத்தியால் பிளந்தான்.
உள்ளே வெள்ளை, மாவு.
கட்டைவிரலால் தேய்த்தான்,
விதைத் தானியத்தைத் தேய்த்துப் பார்க்கிற அதே விரல்.

"இங்கேயா இறக்கி வைத்திருக்கிறது?"

"இலை சாகுமுன்னே."

திரும்பும் வழியில் துடுப்புச் சத்தம் மட்டும்.
கரையில் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டான்,
"எழுதுவாயா?"

உலரட்டும் என்றேன்.
இரவு ஆய்வுக்கூடம் முழுக்க
வேகாத உருளைக்கிழங்கு வாசனை.
அடுப்பின் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது.
படிவத்தில் கிழங்குக்குக் கட்டமே இல்லை.
ஓரத்தில், பென்சிலால்
ஒரு கோடு இழுக்கிறேன்.