தலைவருக்கு உறவு

கணக்கெடுக்க வந்தவர்
பழையபேட்டைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுப்பவர்.
மோர் வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக் குடித்தார்.
குடும்பத் தலைவர்?
கரண்ட் மீட்டர் என் பேரில் இருப்பதால்
தனக்கோட்டி என்று எழுதிக்கொண்டார்.
இன்னொருத்தர்?
முனிலட்சுமி, வயது நாற்பத்தொன்று.
தாய்மொழி?

அவள் வேப்பனப்பள்ளிக்காரி.
வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம்,
வாத்தியாரிடம் அடிவாங்கியது தமிழில்.
கனவில் எது என்று அவளுக்கே தெரியாது.
"ஒண்ணுதாம்மா எழுத முடியும்."
தெலுங்கு என்று எழுதினார்.
பொய்யில்லை.
உண்மையும் அவ்வளவாக இல்லை.

அடுத்த கட்டம்,
தலைவருக்கு உறவு.
பேனா நின்றது.

பெயர்களோடு எனக்குப் பகை கிடையாது.
மாங்கூழ் ஆலைச் சோதனைக்கூடத்தில்
பெங்களூரா, செந்தூரா, நீலம், அல்போன்சா என்று
பிரித்துப் பிரித்தே பதினாறு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன்.
பிரிக்ஸ் மீட்டரில் ஒரு சொட்டு விட்டால் எண் வந்துவிடும்.
மனுஷியின் எந்தச் சொட்டை எடுத்து
எந்தக் கண்ணாடியில் விடுவது?

செய்ததை வைத்தா?
மத்தூரில் பதினோரு மாதம்
ஒருவருக்குப் பெண்டாட்டியாக இருந்தேன்.
இட்ட சோறும் படுத்த பாயும் சாட்சி.
அந்தப் பதினோரு மாதமும் நான் வேறொருத்தியா?
அணையில் மதகை இறக்கிவிட்டால்
தண்ணீர் மாதக்கணக்கில் ஒரு சாண் நகராது.
அதற்காகத் தென்பெண்ணையின் பக்கம்
சரிவே இல்லை என்று ஆகிவிடுமா?

இந்த உவமை எனக்குப் பொருந்துகிறது, அவளுக்கு இல்லை.
தண்ணீருக்குச் சரிவு ஒன்றுதான்.
முனிலட்சுமி தன் புருஷனையும் நேசித்தவள்.
கல் குவாரியில் அவன் போனபோது
மூன்று நாள் பச்சைத்தண்ணீர் தொடவில்லையாம்.
அதை அழித்துவிட்டு என்னை எழுத
எனக்கு ஏது ரப்பர்?

சேலத்தில் ஒரு கூட்டத்துக்குப் போனோம்.
பிறவியிலேயே இப்படி என்று சொல்லுங்கள்,
அப்போதுதான் ஏற்பார்கள் என்றாள் ஒரு பெண்.
நல்லவள், அனுபவப்பட்டவள்.
எனக்குத்தான் நாக்கு எழவில்லை.
பிறவி என்றால் மன்னிப்பு,
விருப்பம் என்றால் குற்றம்,
இது எந்த ஊர் நியாயம்?
சந்தூர் நர்சரியில் ஒட்டுக்கன்று வாங்குகிறவர்கள்
விதையிலேயே இப்படியா என்று கேட்பதில்லை.
சரி, யோசித்து, விரும்பி, பஸ் ஏறித்தான்
அவளிடம் வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
யார் வீட்டுக் கொல்லை காய்ந்துபோனது?

மாடி வீட்டுப் பத்மாவதியம்மாளுக்கு
நாங்கள் அக்கா தங்கச்சி.
எட்டு வருடமாக ஊறுகாய் ஒரே கிண்ணத்தில் வருகிறது.
மகன் கல்யாணப் பத்திரிகையில்
"தனக்கோட்டி குடும்பத்தார்" என்று
தன் கையால் எழுதிக் கொடுத்தாள்.
அன்று இரவு தூக்கமில்லை.
தெரியாமல் ஏற்பது ஏற்பாகுமா?
தெரிந்துகொண்டே கேட்காமல் இருப்பது
மரியாதையா, மூடியா?
ஒருநாள் நானே சொன்னால்
அந்தக் கிண்ணம் படியிறங்கி வருமா?
சொல்லிப் பார்க்காததால்
அவளைக் கோழையாக்கி வைத்திருப்பது நானோ?

"என்ன உறவுன்னு போடட்டும்மா?"
அடுப்படியிலிருந்து முனிலட்சுமிதான் சொன்னாள்:
"நா மனிஷி."
வாத்தியாருக்குத் தெலுங்கு தெரியும் போல.
தமிழில் என் ஆள் என்று சொல்லலாம்,
ஆனால் ஆள் என்றால் கூலியாளும் வந்துவிடுகிறது.
பட்டியலில் அப்படி ஒன்றும் இல்லை.
மேலிருந்து கீழ்வரை விரல் ஓட்டிப் பார்த்தார்.
பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டு
சீவாத பென்சில் ஒன்றை எடுத்து
அந்தக் கட்டத்தில் மட்டும் எதையோ எழுதினார்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.

அவர் போனபின் முனிலட்சுமி கேட்டாள்,
மோருக்கு உப்புப் போட்டியா என்று.
போடவில்லை.