பதினான்காம் இலக்கச் சட்டை

கிழமை நாட்களில் நான்
கண்டிக் கோச்சியில் நின்றபடி போகிறவள்.
காப்புறுதிக் கந்தோரில்
மற்றவர்களின் விபத்துகளைப் பாரத்தில் நிரப்புகிறேன்.
ஞாயிறென்றால் கம்பளையில், மகாவலியில், துடுப்பு.

காலை எட்டுக்கு
ரிஸ்மியின் ஹார்ட்வெயார் கடைப் பின்பக்கம்
ரப்பர் படகுக்குக் காற்றடிப்போம்.
பதினெட்டு மிதவைச் சட்டைகள்.
பதினான்காம் இலக்கத்துக்குக் கொக்கி இல்லை.
அதை நான் போட்டுக்கொள்வேன், சணல் கயிற்றால் கட்டி.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள்
அம்புலுவாவைக் கோபுரத்தில் ஏறித்
தலைசுற்றிய கையோடு இங்கே இறங்குவார்கள்.
"ராஜா இருந்த ஊராமே, அரண்மனை எங்கே?"
அறுநூறு வருடம், அண்ணே.
பஸ் நிலையமா, கோழிக்கடைச் சந்தியா,
நீங்கள் வேன் நிறுத்திய இடமேதானா,
யாருக்குத் தெரியும்.
எங்கள் ஆட்கள் கோப்பிக்கு நடந்து வந்ததும்
இந்தக் கரையால்தான் என்பார்கள்.
அதற்கும் பலகை இல்லை.

இன்றைக்கு எட்டுப் பேர்.
துடுப்பை அகப்பை மாதிரிப் பிடித்த ஒரு பையன்.
அவன் அக்கா தினுஷிகா,
படத்துக்கு மட்டும் சிரிப்பவள்.
பாலத்துக்குக் கீழே முதல் சுழிப்பைத் தாண்டி
எல்லாரும் கத்தி முடித்து
இரண்டாவதுக்குத் தயாராகையில்
சைரன்.
ஒருமுறை. நீளமாக.

"நெருப்பா?" என்றான் பையன்.
கொத்மலையில் கதவு திறக்கிறார்கள்.
இடப்பக்கம் வலியுங்கள். கேள்வி பிறகு.

படகை இழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம்.
சுனெத் அன்னாசி வெட்டி
உப்பும் மிளகாய்த்தூளும் தூவினான்.
ஆற்றில் ஒரு கல் மறைந்தது.
பிறகு அதன் பக்கத்துக் கல்.
தண்ணீர் அவசரப்படவேயில்லை.

ரிஸ்மி கடைச் சுவரில் ஒரு கோடு.
பெருநாளுக்குப் பெருநாள் சுண்ணாம்பு அடிப்பான்,
அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு.
தினுஷிகா போய் அதன் கீழே நின்றாள்,
தம்பி படம் எடுக்கட்டும் என்று.
கையை உயர்த்தினாள். எட்டவில்லை.
குதிகாலையும் உயர்த்தினாள்.
"இது என்ன அளவு?"
"தண்ணி வந்த அளவு" என்றான் ரிஸ்மி,
யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டே.

அவள் சிரிக்கவில்லை.
பையன் போனை இறக்கிவிட்டான்.
கரையில், வெயிலில்,
காய்ந்த சிமெந்துத் தரையில் நின்றபடி
மிதவைச் சட்டையின் வாரை
இன்னும் ஓர் இழுப்பு இறுக்கினாள்.

நான் குனிந்து என் சணல் கயிற்றைப் பார்த்தேன்.

மூன்று மணிக்குக் கற்கள் திரும்பி வந்தன,
கடைசியாகப் போனது முதலில்.
வேன் புறப்பட்ட பிறகு
ஈரக் காலோடு கடைக்குள் போனேன்.
"ரிஸ்மி, ஒரு கொக்கி இருக்கா?"
"அளவு சொல்லு" என்றான்.