இது இயல்பான சத்தம்

எய்னோ லெஹ்டோலா ஆம்பைத் தூக்கி வரும்போதே
மன்னிப்பும் கேட்டுக்கொண்டு வந்தார்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
தண்டர் பேயில் ஏரி கரையோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது.
"குளிர்காலம் முழுக்க டிரக்கின் பின்னால்தான் இருந்தது,
அதனாலோ என்னவோ."
டிரான்சிஸ்டர் ஆம்ப். நூறு வாட். வால்வு ஒன்றுகூடக் கிடையாது.
"வாசிக்கும்போது குறையே இல்லை.
சுவிட்சைத் தட்டும்போதுதான்."

தட்டினேன்.

திடும்.

மேசைமேல் திருகாணிகள் கிண்ணத்தோடு எகிறின.
காகிதக் கூம்பு முன்னால் பாய்ந்து, நடுங்கி,
மெல்லப் பின்வாங்கி
ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்துகொண்டது.

"போன வெள்ளிக்கிழமை நடனத்தில்
முன்வரிசையில் கண்ணயர்ந்திருந்த கெர்ட்டு
விழித்தெழுந்து கைதட்டிவிட்டாள்.
நாங்கள் இன்னும் தொடங்கவே இல்லை."

அவர் காப்பி குடிக்கப் போனார்.
அவருடைய ஸ்பீக்கரைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.
சோதனைக்கென்று ஓர் அநாதை ஸ்பீக்கர் உண்டு என்னிடம்,
கிழிந்தால் அழ ஆளில்லாதது.

வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன். திடும்.
எல்லாக் குமிழ்களையும் இறக்கினேன். திடும்.
சரி, குமிழ்களைத் தாண்டித்தான் இதன் வீடு.
வெளியீட்டில் மீட்டர் வைத்தால்
பன்னிரண்டு மில்லிவோல்ட்.
இதைவிட ஒழுக்கமாக ஓர் ஆம்ப் நிற்க முடியாது.
நிற்பதில் இல்லை கோளாறு,
எழுவதில்.

பெரிய டிரான்சிஸ்டர்களை மாற்றச் சொன்னானாம் அவர் மைத்துனன்.
மைத்துனர்கள் எப்போதும்
பெரியதைத்தான் மாற்றச் சொல்வார்கள்.
முன்பகுதியிலிருந்து பின்பகுதிக்கு ஓடும்
மெல்லிய கம்பியை உருவிவிட்டுத் தட்டினேன்.

தொப்.

தலையணையில் குத்தியதுபோல. அவ்வளவுதான்.
பெரியவர்கள் நிரபராதிகள்.

பிறகு இரண்டு மீட்டர்கள்:
பிளஸ் பதினைந்தில் ஒன்று, மைனஸ் பதினைந்தில் ஒன்று.
பூஜ்யம் என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கிறோம்.
இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும்போது
கயிற்றின் நடுவில் அசையாமல் நிற்கும்
கைக்குட்டை அது.
தட்டினேன்.
பிளஸ் போய்ச் சேர்ந்துவிட்டது.
மைனஸ் ஏழு… பதினொன்று… பதினான்கு…
மூச்சிரைக்க வந்தது.
அந்த அரை நொடியில் கைக்குட்டை
முழுசாக ஒரு பக்கம் பறிபோகிறது.
கெர்ட்டு கைதட்டியது அதற்குத்தான்.

ஒரு ரெசிஸ்டர்.
எண்ணூற்று இருபது என்றன அதன் வண்ணப் பட்டைகள்.
இரண்டாயிரத்து நூறு என்றது மீட்டர்.
வருஷக்கணக்கில் வெந்து, அடியில் பலகை
ரொட்டி ஓரம்போலச் சிவந்திருந்தது.

மாற்றுவதற்காகப் பலகையைத் தூக்கியபோது
கீழே தகட்டில் பென்சில் எழுத்து:
"ஆன் செய்தால் சத்தம் வரும். இயல்புதான். ஒ. பெ."
பக்கத்தில் தேதி. பதினான்கு வருஷம்.

ஒ என்றால் ஒக்ஸானா.
பெ என்றால் பெட்ரிக்.
கடைக்கு வெளியே பலகையிலும் அதே பெயர்தான்.

ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வரவில்லை.
ஒரு சனிக்கிழமையாக இருந்திருக்கும்.
மீட்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கும்.
நான் மறந்த அந்த ஒரு சொல்லை
இந்த மனிதர் பதினான்கு வருஷம்
ஆம்போடு சேர்த்துச் சுமந்திருக்கிறார்.
மன்னிப்பு எதற்கு என்று
அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டு பக்கத்துக்கும் புது ரெசிஸ்டர் போட்டேன்,
கொஞ்சம் பருமனானவை,
பலகையைத் தொடாமல் காற்றில் நிற்கும்படி.

எய்னோ திரும்பி வந்தார், மீசையில் பனி.
சுவிட்சில் கை வைப்பதற்கு முன்
இல்லாத மண்டபத்தைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார்,
காதைப் பொத்திக்கொள்ளுங்கள் என்பதுபோல.

தொப்.

விரல் இறங்கவில்லை.
"இந்தச் சின்னது?"

ரிலே வைக்காமல் செய்த ஆம்ப் அது,
இந்த அளவு அதன் பிறவியிலேயே உண்டு.
இயல்பு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"அளந்து பார்த்துவிட்டேன்" என்றேன்.

கூலி எவ்வளவு என்றார்.
தகட்டைத் திருப்பிக் காட்டினேன்.
கண்ணாடியைத் தேடி எடுத்து, மாட்டி,
ஒருமுறை படித்தார், இன்னொருமுறை படித்தார்.
"கையெழுத்து அப்போது நன்றாக இருந்திருக்கிறது" என்றார்.