புழங்குமொழி

வியன்னா, ஃபவோரிட்டன் பேட்டை.
1910, டிசம்பர் கடைசி நாள்.

அறை என்று யார் சொன்னது?
நான் வாடகைக்கு விடுவது ஒரு கட்டிலை.
அதுவும் முழுசாய் இல்லை:
இரவு எட்டிலிருந்து காலை ஐந்து வரை
சூளைக்குப் போகும் வென்டெலினுக்கு,
ஐந்தரையிலிருந்து மதியம் இரண்டு வரை
ரொட்டிக்கடை அலோய்சுக்கு.
இடையில் அரைமணி
ஜன்னலைத் திறந்து போர்வையை உதறுவேன்.
உதறினால் செங்கல்தூள் கொஞ்சம், மாவு கொஞ்சம்.
தலையணைக்கு மட்டும் சூடு ஆறுவதே இல்லை.

வாரம் மூன்று கிரௌன்.
துவைத்த விரிப்பு மாதம் ஒருமுறை.
அடுப்பைத் தொடக்கூடாது.
விழித்திருக்கக் கூடாது.
எழுதி ஒட்டியதல்ல, எல்லோருக்கும் தெரிந்தது.
ஞாயிற்றுக்கிழமை, மழையே ஆனாலும்,
எட்டு மணி வரை வெளியேதான் வென்டெலின்:
டிராம் நிறுத்தத்தில்,
மாதாகோயில் கடைசி வரிசையில்,
பீர் வாங்காதவனையும் உட்காரவிடும் ஏதோ ஒரு கடையில்.
ஒருமுறை தெருமுனையில் கண்டும்
காணாததுபோல் நடந்தேன்.
கண்டால் கூப்பிட வேண்டும்.
கூப்பிட்டால் எங்கே உட்கார வைப்பது?
இருப்பது இரண்டு நாற்காலி.
ஒன்றில் ஆன்டன், இருமிக்கொண்டு.
மற்றதில் பிள்ளைகள் இரண்டும் ஏறியிருக்கும்.

நாங்களும் குடியிருப்பவர்கள்தான்.
ஓர் அடுப்படி, ஓர் அறை.
எங்கள் வாடகையில் பாதியைக் கட்டுவது
அந்த இருவரின் தூக்கம்.

இன்று தாள் வந்திருக்கிறது.
வீட்டுக்காரர் ஸ்டைன்ட்ல் தானே கொண்டுவந்து
மேஜையில் விரித்தார்.
பெயர். பிறந்த வருஷம். மதம்.
பிறகு ஒரு கட்டம்: புழங்குமொழி.
“எல்லாருக்கும் ஜெர்மன்,” என்றார்.
“கட்டில்காரனுக்கும்தான். என் கட்டடத்தில்
வேறொன்றும் புழங்க வேண்டாம்.”
பேனாவை எடுத்துக் கொடுத்ததும் அவரே.

யோசித்தால் அது பொய்யும் இல்லை.
பதினான்கு மாதத்தில் என்னிடம் அவன் பேசியது
மொத்தம் நான்கு வார்த்தை:
வணக்கம், பணம், நன்றி, மன்னிக்கவும்.
நான்கும் ஜெர்மன்.

ஆனால் அட்டைத் தடுப்புக்கு இந்தப் பக்கம்
படுத்திருப்பவள் நான்.
நள்ளிரவுக்குமேல் அந்தப் பக்கம் அவன் பேசுவான்.
யாரையோ கதவைச் சாத்தச் சொல்வான்.
குதிரையை அதட்டுவான்.
ஒருநாள் சிரித்தான்.
இந்த வருஷம் இந்த வீட்டில்
வாய்விட்டுச் சிரித்தது அவன் ஒருவன்தான்,
அதுவும் தூக்கத்தில்.

எப்படிப் புரிந்தது என்று கேட்காதீர்கள்.
கைநழுவிப் பாத்திரம் உடைந்தால்
அம்மா அந்த மொழியில்தான் திட்டுவாள்.
பள்ளிக்கூடத்தில் அதை ஒளித்துவைத்தேன்.
ஒளித்த இடம்
எனக்கே மறந்துவிட்டது என்றிருந்தேன்.

ஜெர்மன் என்றுதான் எழுதினேன்.
அவனுக்கும், எனக்கும்.
வாடகைக் கெடு ஐந்தாம் தேதி.
ஆன்டன் இருமுகிறான்.
மை காயும் வரை ஊதிக்கொண்டிருந்தேன்.
தாளை மடித்துக்கொண்டு
ஸ்டைன்ட்ல் படியிறங்கும் சத்தம்
மூன்று மாடிக்கும் கேட்டது.

இரவு எட்டு.
கதவு தட்டி, தொப்பி கழற்றி,
சுவரோரமாகத் தடுப்புக்குப் போகிறான் வென்டெலின்.
அடுப்பில் கொஞ்சம் உருளைக்கிழங்கு சூப் மிச்சம்.
பெரியவளை இறங்கச் சொல்லிவிட்டுச்
சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டேன்.

“உட்கார்,” என்றேன்.
ஜெர்மனில் அல்ல.

அவன் திரும்பித்
தனக்குப் பின்னால் பார்த்தான்,
யாரைச் சொல்கிறேன் என்று.