பத்தொன்பதாம் நிமிடம்

கருங்கல் சந்தை முக்கில் என் மைக்செட் கடைக்கு
அந்தக் கேசட் வந்தது எண்பத்து நாலில்,
ஆனிச் சாரல் விடாமல் அடித்த வாரம்.
கப்பலில் என்ஜின் ரூம் வேலைக்குப் போன ஸ்டெல்லஸ்
ராட்டர்டாமில் யார் வீட்டிலோ பதிந்து வாங்கியது.
அறுபது நிமிடக் கேசட். ஒட்டுத்தாளில்
பச்சை மையில் ‘ஆஷ்வெல் டைட்’ என்று மட்டும்.
படம் இல்லை, ஆள் முகம் இல்லை,
பாட்டுக்குப் பெயரும் இல்லை.
நானே வைத்தேன்: கிணறு, உப்பளம், ஏணி.

ஏணிதான் கடைசி. நீளப் பாட்டு.
பத்தொன்பதாம் நிமிடம்
ஆர்கன் ஒரு படி ஏறி நிற்கும்,
அடுத்ததில் கால் வைப்பதற்குள்
டக்.
நாடா தீர்ந்துவிடும்.

அதுதான் முடிவு என்று நம்பினேன்,
பதினாறு வருஷம்.
கேட்கிறவனை அந்தரத்தில் விட்டுவிட்டு
ஏணியை எடுத்துக்கொண்டு போக
என்ன தைரியம் இவனுகளுக்கு!

“சவத்துப் பாட்டு மக்கா,” என்பான் ஸ்டெல்லஸ்,
“ஏழு ஏழாட்டு எண்ணிட்டு எவன்டே ஆடுவான்?”

நான் எண்ணினேன்.
கல்யாண வீட்டுத் தென்னையில்
குழாய் ஸ்பீக்கர் கட்ட ஏறும்போதும்
ஏழு வரை எண்ணி மறுபடி ஒன்று.
மேல்புறத்துச் செண்டைக்காரர் ஒருவர்
ஆம்ப்ளிபயர் வாடகைக்கு வந்தவர்
நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்:
“ஒண்ணு ரெண்டுண்ணு எண்ணாதேயும்.
மூணும் நாலுமாட்டு பிரியும், அப்பம் தெரியும்.”
அன்று ராத்திரி
கையிலிருந்த பாட்டே புதுசாக வந்தது.

ஐந்தாம் ஆல்பம் எண்பத்து எட்டில்.
நாலு நிமிடப் பாட்டுகள். மெஷின் டிரம். கைதட்டு.
விலைபோய்விட்டார்கள் என்று
கடையை அரைநாள் பூட்டினேன்.
(பேபி ஷைலா வீட்டில் கேட்டாள், யாரு செத்தா என்று.)
அந்தக் கேசட்டின்மேல்
குருசடித் திருவிழா அறிவிப்பைப் பதிந்து
ஆட்டோவில் கட்டி விட்டேன்.

இரண்டாயிரத்தில் சிங்கப்பூரிலிருந்து சிடி.
ஏணிக்கு இன்னும் நாலு நிமிடம் இருக்கிறதாம்.
பாட்டு முடியும்வரை நின்றுகொண்டே கேட்டேன்.
ஆர்கன் மேல்படிக்கு ஏறியது,
கோரஸ் வந்தது, மணி அடித்தது,
முதலில் வந்த மெட்டு திரும்பி வந்து
பந்தி வாசலில் மாப்பிள்ளையின் மாமன் போல
எல்லாருக்கும் கும்பிடு போட்டது.
அவ்வளவுதானா?
பிறகு எப்போது போட்டாலும்
பத்தொன்பதில் விரல் தானாக ஸ்டாப்புக்குப் போகும்.

ஐம்பது தாண்டிய பிறகு
பத்தொன்பதைத் தவறவிட்டேன் ஒருநாள்,
குளச்சல் ரோட்டில் வண்டி ஓட்டும்போது.
அந்த நாலு நிமிடம் ஓடி முடிந்தது.
கும்பிடு போடுகிறவனுக்கும்
கால் வலித்திருக்கும் என்று தோன்றியது.
பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.
கோபம் போயிருந்தது.

போன மாசி மாதம் கடையை ஒழித்தோம்.
ஸ்டெல்லஸ் வந்து உட்கார்ந்திருந்தான்.
முப்பது வருஷ என்ஜின் சத்தம்
அவனுக்க காதைத் தின்றுவிட்டது.
பெட்டி அடியில் குருசடிக் கேசட்.
போட்டேன்.
“மாலை ஆறு மணிக்குக் கொடியேற்றம்,
தொடர்ந்து திருப்பலி, அன்பின் விருந்து,
அனைவரும் வாரீர்” என்று
முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய என் தொண்டை.
கொஞ்சம் இரைச்சல்.
பிறகு நான் அழிக்க மறந்த நாற்பது நொடி:
அந்த மெஷின் டிரம், அதன்மேல் ஒற்றைக் குரல்,
மேலே ஏறப் பார்க்காத குரல்,
பஸ்ஸை விட்டவன் அடுத்த பஸ் எப்போது என்று
பக்கத்தில் நிற்பவனிடம் கேட்பது போல.

இதையா பூட்டினேன்?

ஸ்டெல்லஸ் பேஸ் பெட்டியில் உள்ளங்கை வைத்திருந்தான்.
“நாலுதான் மக்கா,” என்றான் சத்தமாக,
“இதுக்கு ஆடலாம்.”

டக்.

மீதிப் பாட்டு முழுக்க போனில் இருக்கிறது,
மகள் தேடிக் காட்டினாள்.
இன்னும் தொடவில்லை.